விஞ்ஞானத் துறையைத் தெரிதல்

உழவு மாடு வாங்கச் செல்லும் கமக்காரன் சந்தையிலே முதலிற் கண்ட மாட்டைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவதில்லை. பல்லைப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நாலு கவடு நடக்கவிட்டுப் பார்ப்பான், விற்பவன் எவ்வூரவன் என்பதையும் விசாரிப்பான். மகளுக்கு வரன் தேடும் பெற்றோரும் மூன்று ஊர் கடந்து சென்று விசாரித்து வருவர். ஆயினும், தம் பிள்ளை மூன்று அல்லது நான்கு ஆண்டுகளைக் கழிக்கப்போகும் பல்கலைக்கழகத் துறையைத் தெரியும் வேளையில், அதே பெற்றோர் அயலவர் ஒருவர் சொன்ன சொல்லை நம்பி விண்ணப்பத்தை நிரப்பிவிடுகின்றனர். மாடு பிழைத்தால் அடுத்த போகத்தில் மாற்றிக்கொள்ளலாம். துறை பிழைத்தால் மாற்றிக்கொள்ளுதல் எளிதன்று.

இலங்கையிலே க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவிலோ உயிரியற் பிரிவிலோ சித்தியடைந்து, பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் இடங்கிடையாத மாணவர் ஆண்டுதோறும் பல்லாயிரவர். அவர்களுட் பெருந்தொகையினர் விஞ்ஞான பீடங்களையே நாடுகின்றனர். விஞ்ஞானத்தையே விரும்பி அதற்கென விண்ணப்பிப்போரும் உளர். இவ்விரு சாராரும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலைப் பெற்று, கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் தம் விருப்பின்படி வரிசைப்படுத்தி எழுதுதல் வேண்டும். அவ்வரிசையே பின்னர் அவர்களது இடத்தைத் தீர்மானிக்கின்றது. முதலாவதாக எழுதியதற்குப் புள்ளி போதுமாயின், இரண்டாவது தெரிவைப்பற்றி எவரும் வினாவுவதில்லை. எனவே, வரிசையெழுதும் அந்தச் சில நாட்கள் மாணவன் வாழ்விலே பரீட்சை எழுதிய நாட்களுக்கு எவ்வகையிலும் குறைந்தனவல்ல.

தெரிவு செய்வதற்கு இன்று இடங்கள் பல உள. ஒரு காலத்தில் நிலைமை வேறாயிருந்தது. 1921 இல் கொழும்பில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியே நெடுங்காலம் இந்நாட்டில் விஞ்ஞான உயர்கல்வியின் ஒரே வாயிலாக விளங்கிற்று. அதன் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளையே எழுதினர். 1942 இல் அக்கல்லூரி இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. பேராதனையில் 1961 இலும், களனியில் 1967 இலும் விஞ்ஞான பீடங்கள் எழுந்தன. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியபோது விஞ்ஞானமும் அங்கு தொடக்கத்திலேயே இடம்பெற்றது. ஸ்ரீ ஜயவர்தனபுர, உறுகுணை, கிழக்கு, தென்கிழக்கு, ரஜரட்ட, சபரகமுவ, வயம்ப ஆகிய பல்கலைக்கழகங்களிலும் விஞ்ஞானமோ பிரயோக விஞ்ஞானமோ கற்பிக்கப்படலாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிருந்த வவுனியா 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தெரிவு பெருகப் பெருகத் தேர்ந்தறியும் பொறுப்பும் பெருகுகின்றது.

பொய்யளவைகள் முதலில் விலக்கப்படவேண்டியன. அவற்றுள் முதன்மையானது வெட்டுப்புள்ளி. முந்திய ஆண்டில் எந்தப் பல்கலைக்கழகத்தின் வெட்டுப்புள்ளி உயர்ந்து நின்றதோ அதுவே சிறந்தது என்று கொள்வது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் எத்துணை பிழையானது என்பதைச் சிறிது சிந்திப்போர் உணர்வர். மாணவனின் இசட்-புள்ளி, அவன் பெற்ற புள்ளி அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றது என்பதைக் கணித்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி கண்டு பெறப்படுவது. பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 இடங்கள் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. இதன் பயனாக ஒரே ஆண்டில், ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரே கற்கைநெறிக்குக் கொழும்பு மாவட்ட மாணவனுக்கு ஒரு வெட்டுப்புள்ளியும் முல்லைத்தீவு மாவட்ட மாணவனுக்கு வேறொரு வெட்டுப்புள்ளியும் அமைகின்றன. ஆய்வுகூடம் ஒன்றே, ஆசிரியரும் அவரே. வெட்டுப்புள்ளி துறையின் தரத்தை அளப்பதாயின், அத்துறை கொழும்பு மாணவனுக்கு ஒரு தரமாயும் முல்லைத்தீவு மாணவனுக்கு இன்னொரு தரமாயும் இருத்தல் வேண்டுமன்றோ? வெட்டுப்புள்ளி எத்தனைபேர் அவ்விடத்தை விரும்பினர் என்பதைச் சொல்லும். ஏன் விரும்பினர் என்பதைச் சொல்லாது. பட்டினத்துக்கு அண்மை, உறவினர் வீடு, தனியார் வகுப்பு நடத்தும் வாய்ப்பு ஆகிய காரணங்களும் அவ்விருப்பத்துள் அடங்கும்.

இரண்டாவது பொய்யளவை கட்டடம். மாத்தறை வெல்லமடமையில் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா வகுத்த உறுகுணைப் பல்கலைக்கழக வளாகத்தின் அழகு உலகறிந்தது. ஆயினும் அவ்வழகு அங்குள்ள பௌதிகவியல் ஆய்வுகூடத்தைப் பற்றி நல்லதாகவோ தீயதாகவோ எதனையும் கூறாது. யாழ்ப்பாண வளாகத்தின் விஞ்ஞான வகுப்புகளோ தொடக்கத்தில் வட்டுக்கோட்டையிலே, யாழ்ப்பாணக் கல்லூரி வளவிலே, கிடைத்த வசதிகளைக்கொண்டு நடைபெற்றன. கட்டடத்தைக் கண்டு மயங்குவதும், கட்டடத்தைக் கண்டு முகஞ்சுளிப்பதும் ஒரே தவற்றின் இரு பக்கங்களாம்.

மூன்றாவது, பல்கலைக்கழகத்தின் பொதுப்பெயர். பல்கலைக்கழகம் ஒன்றின் புகழ் அதன் மருத்துவ பீடத்தாலோ பொறியியற் பீடத்தாலோ ஏற்பட்டிருக்கலாம். அப்புகழின் நிழலிலே தாவரவியற்றுறை தளர்ந்தும் கிடக்கலாம். மறுதலையாக, பெயரறியப்படாத பீடமொன்றில் ஒரு துறை மட்டும் ஊக்கமுள்ள நான்கைந்து ஆசிரியரால் தழைத்து நிற்கலாம். மாணவன் நுழைவது பல்கலைக்கழகத்தின் வாயிலால்; அவனை உருவாக்குவது துறை. ஆதலின் துறை துறையாக ஆராய்தலே முறை.

துறைகளின் பட்டியலிலிருந்து ஆராய்ச்சியைத் தொடங்கலாம். கைந்நூலிலே ‘பௌதிக விஞ்ஞானம்’ என்றும் ‘உயிரியல் விஞ்ஞானம்’ என்றும் ஒரே பெயர் பல பல்கலைக்கழகங்களுக்கு எதிரே காணப்படினும், அப்பெயரினுள்ளே அடங்கியவை வேறுபடும். புவிச்சரிதவியலுக்குத் தனித்துறை பேராதனையில் உண்டு. அணு விஞ்ஞானத்துக்குத் தனித்துறை கொழும்பில் உண்டு. நுண்ணுயிரியற்றுறை களனியிலும், வனவியல் மற்றும் சுற்றாடல் விஞ்ஞானத்துறை ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும், கடற்றொழிற்றுறை யாழ்ப்பாணத்து விஞ்ஞான பீடத்திலும் உள. புவிச்சரிதவியலில் நாட்டங்கொண்ட மாணவன் அத்துறையில்லாத பீடமொன்றை முதலில் எழுதிவிட்டுப் பின்னர் வருந்துவதில் பயனில்லை. எந்தப் பாடங்களை எவற்றோடு சேர்த்துப் படிக்கலாம் என்பதும் பீடத்துக்குப் பீடம் வேறுபடும். கணிதத்தோடு புள்ளிவிபரவியலையும் கணினி விஞ்ஞானத்தையும் சேர்க்க ஓரிடத்தில் இயலும். மற்றோரிடத்தில் நேர அட்டவணை அதற்கு இடந்தராது.

அடுத்து வினாவவேண்டியது பட்டத்தின் வகை. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பொதுப்பட்டம் ஐந்தாம் மட்டத்தைச் சார்ந்தது. குறைந்தது 90 திறமை அலகுகள் கொண்டது. நான்காண்டுச் சிறப்புப்பட்டம் ஆறாம் மட்டத்தைச் சார்ந்தது. 120 அலகுகள் கொண்டது. எண்ணளவிலே வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் வாழ்க்கையிலே பெரிது. பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிக்கும், வெளிநாட்டு மேற்படிப்புக்கும், ஆராய்ச்சி நிறுவகங்களில் ஆய்வாளர் பதவிக்கும் சிறப்புப்பட்டமே பெரிதும் வேண்டப்படுகின்றது. பல பீடங்களில் எல்லா மாணவரும் பொதுப்பட்டத்துக்கே முதலிற் சேர்க்கப்படுகின்றனர். இரண்டாம் ஆண்டின் முடிவிலே, பெற்ற புள்ளிகளைக்கொண்டு, ஒவ்வொரு துறையும் தனக்கு ஏற்ற சிலரைச் சிறப்புப்பட்டத்துக்குத் தெரிந்தெடுக்கின்றது. அச்சிலர் எத்தனைபேர்? ஐவரா, பதினைவரா, நாற்பதின்மரா? ஒரு துறையில் மாணவர் விரும்பும் அளவுக்கு இடங்கள் உள்ளனவா? சென்ற மூன்று ஆண்டுகளில் விரும்பியோருள் எத்தனை பேர் விலக்கப்பட்டனர்? ‘இரசாயனவியலிற் சிறப்புப்பட்டம் உண்டு’ என்னும் அறிவித்தலைக் கண்டு மகிழ்ந்து சேர்ந்து, அவ்விடங்கள் மிகச் சிலவே என்பதை இரண்டாண்டு கழிந்தபின் அறிவோர் பலர். இவ்வொரு வினாவை முன்னரே வினாவியிருந்தால் அவர்களுட் பலர் தம் வரிசையை வேறாக எழுதியிருப்பர்.

இனி ஆசிரியர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியற்றுறை என்றதும் முதியோர் நினைவில் எழுவது பேராசிரியர் ஏ. டபிள்யூ. மயில்வாகனத்தின் பெயர். கணிதத்துறை என்றதும் எழுவது, கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் பயின்று திரும்பிய சி. ஜே. எலியேசரின் பெயர். அக்காலத்திலே துறையென்பது மனிதரையே குறித்தது. இன்றும் நிலைமை வேறல்ல. பீடத்தின் இணையத்தளத்திலோ கையேட்டிலோ ஆசிரியர் பட்டியலைக் காணலாம். அப்பட்டியலை எண்ணுவதோடு அமையாது, படித்தறிதல் வேண்டும். பேராசிரியர் எத்தனைபேர், சிரேட்ட விரிவுரையாளர் எத்தனைபேர், தகுதிகாண் விரிவுரையாளர் எத்தனைபேர், தற்காலிகமாக நியமிக்கப்பட்ட செய்துகாட்டுநர் எத்தனைபேர் என்று வகுத்துப் பார்க்க வேண்டும். கலாநிதிப் பட்டம் பெற்றோர் யாவர், எத்துறையிற் பெற்றனர் என்பதும் நோக்கத்தக்கது. பத்துப்பேர் பட்டியலில் இருந்தும், மூவர் படிப்பு விடுமுறையிலும் இருவர் ஓய்வாண்டு விடுமுறையிலும் வெளிநாடு சென்றிருந்தால் வகுப்பில் நிற்பவர் ஐவரே. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்பின் விரிவுரையாளர் பலர் நாட்டைவிட்டு நீங்கினர் என்பதை யாவரும் அறிவர். வெற்றிடமாகிப்போன பதவிகள் நிரப்பப்பட்டனவா என்பது இன்று ஒவ்வொரு துறையைக் குறித்தும் கேட்கப்படவேண்டிய வினாவாகும்.

ஆசிரியர் தொகையை மாணவர் தொகையோடு ஒப்பிடுதலும் வேண்டும். முதலாண்டில் இருநூறு மாணவர் ஒரே மண்டபத்திலிருந்து விரிவுரை கேட்பது எங்கும் நடப்பதே, அதனாற் பெருங்கேடில்லை. மூன்றாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் மாணவனின் பெயரை ஆசிரியர் அறிவாரா என்பதே முக்கியம். மேற்படிப்புக்கோ தொழிலுக்கோ சான்றுரை எழுதவேண்டியவர் அவர். மாணவனை அறியாதவர் எழுதும் சான்றுரை எல்லா மாணவருக்கும் ஒன்றாகவே இருக்கும். அதனைப் படிப்போரும் அதனை அறிவர்.

விஞ்ஞானத் துறையொன்றின் உயிர்நிலை ஆய்வுகூடம். கலைத்துறை மாணவன் நூலகத்தின் துணைகொண்டு ஓரளவு தானே கற்றுக்கொள்ளலாம். விஞ்ஞான மாணவனுக்குக் கைப்பழக்கம் இன்றியமையாதது. அது நூலிலிருந்து வருவதன்று. உயர்தர வகுப்பிலே நியமிப்பு என்னும் பரிசோதனையைச் செய்யாத மாணவன் இலன். நால்வர் ஒரு கூட்டமாக அதனைச் செய்யும்போது ஒருவன் அளவியின் திருகைத் திருப்புவான், ஒருவன் நிறமாற்றத்தை நோக்குவான், ஒருவன் குறிப்பெழுதுவான், நாலாமவன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். புள்ளி நால்வருக்கும் கிடைக்கும். கை ஒருவனுக்கே பழகும். பல்கலைக்கழகத்திலும் இதே நிலை நீடிக்குமாயின் அங்கு செல்வதால் வந்த பயன் என்ன? ஆதலால், ‘உங்கள் துறையில் எத்தனை நுணுக்குக்காட்டிகள் உள்ளன?’ என்று வினாவுவதைவிட, ‘செய்முறை வகுப்பிலே ஒரு நுணுக்குக்காட்டியை எத்தனைபேர் பகிர்ந்துகொள்கின்றனர்?’ என்று வினாவுவதே சிறந்தது.

பெருங் கருவிகளைப்பற்றிய வினா இன்னும் நுட்பமானது. பல இலட்சம் ரூபா பெறுமதியான நிறமாலைமானி ஒன்று தங்களிடம் உண்டு என்று துறையினர் பெருமையோடு காட்டக்கூடும். அது கண்ணாடி அறையிலே துணிபோர்த்து வைக்கப்பட்டிருந்தால் அஃது அருங்காட்சியகப் பொருளாகுமேயன்றிக் கல்விக் கருவியாகாது. பட்டப்படிப்பு மாணவர் அதனைத் தம் கையாலே இயக்க அனுமதிக்கப்படுகின்றனரா? பழுதுற்றால் திருத்துவோர் உளரா? திருத்துவதற்கு எத்தனை மாதஞ் செல்லும்? நல்ல ஆய்வுகூடங்களில் ஒவ்வொரு கருவிக்கும் அருகே ஒரு பதிவேடு இருக்கும். கருவியைப் பயன்படுத்தியோர் தம் பெயரையும் நாளையும் அதில் எழுதுவர். அப்பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் மாணவன், அறிமுகப் பிரசுரம் பத்தைப் படித்தாலும் அறியமுடியாத உண்மையை ஒரு கணத்தில் அறிந்துகொள்வான்.

ஆய்வுகூடத்தோடு சேர்த்து எண்ணத்தக்கது அதன் தொழினுட்ப அலுவலர். பேராசிரியர் மாறலாம்; விரிவுரையாளர் வெளிநாடு செல்லலாம். இருபது ஆண்டுகளாக இரசாயனப் பொருள்களைக் கலந்து வைத்து, தராசைச் செம்மைப்படுத்தி, புதிதாக வந்த மாணவனுக்குக் குழாயியைப் பிடிக்கும் விதம் காட்டிக்கொடுப்பவர் அவரே. அவர் உள்ள ஆய்வுகூடம் ஒழுங்காக நடைபெறும். அவரது பதவி வெற்றிடமாகக் கிடக்கும் ஆய்வுகூடத்திலே செய்முறை வகுப்புகள் அடிக்கடி ஒத்திவைக்கப்படும்.

உயிரியல், புவியியல் சார்ந்த துறைகளுக்குச் சுவருக்கு வெளியேயும் ஆய்வுகூடம் உண்டு. பேராதனை மாணவனுக்கு அரச தாவரவியற் பூங்காவும் அங்குள்ள தேசிய உலர்தாவரச் சேகரமும் நடந்து செல்லும் தூரத்தில் உள. வந்தாறுமூலையிற் பயில்வோனுக்கு மட்டக்களப்பு வாவி அண்மையிலுளது. யாழ்ப்பாணத்தானுக்குச் சுண்ணக்கற் பாறையும் அதனடியே தங்கும் நன்னீரும், ஆழமற்ற கடலும் தீவுகளும் உள. கொழும்பு மாணவனுக்குக் கைத்தொழில் தொழினுட்ப நிறுவகம் போன்ற ஆராய்ச்சி நிலையங்கள் அருகிலுள. இவ்வளங்களை ஒரு துறை உண்மையிலே பயன்படுத்துகின்றதா என்பதே வினா. வாவிக்கரையில் இருந்தும் வாவியில் இறங்காத விலங்கியற்றுறை, வாவியே இல்லாத துறையினும் மேலானதன்று. ஆண்டுக்கு எத்தனை களப்பயணங்கள் நடைபெறுகின்றன, அவற்றின் செலவை ஏற்பவர் யார் என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.

நான்காம் ஆண்டின் ஆராய்ச்சிக் கட்டுரை ஒரு துறையின் ஆற்றலைத் தெளிவாகக் காட்டும் கண்ணாடி. சென்ற ஆண்டு மாணவர் எழுதிய கட்டுரைகளின் தலைப்புகளைக் கேட்டு வாங்கிப் படித்தால், அத்துறையின் போக்கு விளங்கும். ஆண்டுதோறும் ஒரே தலைப்பு ஊர்ப்பெயர் மட்டும் மாறி வருமாயின் அங்கு சிந்தனை தேங்கிவிட்டது எனலாம். மாணவர் கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்திலோ, தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்திலோ, லுணுவிலைத் தென்னை ஆராய்ச்சி நிறுவகத்திலோ சென்று பணியாற்றும் வாய்ப்பு அத்துறையில் உண்டாயின் அது நற்குறி. 1944 இல் தோன்றிய இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் வருடாந்த அமர்வுகளில் அத்துறை மாணவரின் கட்டுரைகள் வாசிக்கப்படுகின்றனவா என்பதையும் நோக்கலாம்.

தமிழ் மாணவர் சிறப்பாகக் கருதவேண்டிய ஒன்று மொழி. உயர்தரம்வரை பௌதிகவியலையும் இரசாயனவியலையும் தமிழிற் கற்ற மாணவன், எந்த விஞ்ஞான பீடத்துக்குச் சென்றாலும் ஆங்கிலத்திலேயே கற்கவேண்டியவனாகின்றான். கொழும்பிலும் அவ்வாறே, யாழ்ப்பாணத்திலும் அவ்வாறே. ‘ஆர்முடுகல்’ என்று அறிந்ததை ‘அக்சிலரேசன்’ என்று கேட்கும்போது, தெரிந்த பொருளே தெரியாததுபோலத் தோன்றும். திறமைமிக்க மாணவர் பலர் முதலாண்டிலே தளர்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. முதலாண்டுப் புள்ளிகள் சிறப்புப்பட்டத் தெரிவிலும் சேர்க்கப்படுமிடத்து, மொழியால் நேர்ந்த தளர்ச்சி வாழ்நாள் இழப்பாகவும் முடியலாம். எனவே, பீடம் நடத்தும் ஆங்கில வகுப்பு எத்தனை வாரத்துக்கு உரியது, விஞ்ஞானத்தோடு தொடர்புடையதா, ஐயம் தெளிவிக்கும் சிறு வகுப்புகள் உண்டா என்பவற்றை வினாவுதல் இன்றியமையாதது. விரிவுரை முடிந்தபின் ஐயத்தைத் தமிழிலே கேட்டுத் தெளியக்கூடிய ஆசிரியர் ஒருவர் இருப்பதும் முதலாண்டு மாணவனுக்குச் சிறிய உதவியன்று.

காலத்தைப்பற்றிய வினாவும் உண்டு. மூன்றாண்டுப் பட்டம் உண்மையில் எத்தனை ஆண்டில் முடிகின்றது? 2020 ஆம் ஆண்டின் கொள்ளைநோயாலும், 2024 இல் கல்விசாரா ஊழியர் நீண்டநாள் மேற்கொண்ட வேலைநிறுத்தத்தாலும் எல்லாப் பல்கலைக்கழகங்களும் பின்தங்கின. ஆயினும் சில பீடங்கள் இழந்த காலத்தை விரைவில் ஈடுசெய்தன. சில அவ்வாறு செய்யவில்லை. பரீட்சை முடிந்து எத்தனை மாதத்தில் பெறுபேறு வெளியாகின்றது என்பதைச் சென்ற தொகுதி மாணவரிடம் கேட்டறியலாம். கூலிவேலை செய்தும் நகையை ஈடுவைத்தும் பிள்ளையைப் படிப்பிக்கும் குடும்பத்துக்கு ஓராண்டுத் தாமதம் வெறும் எண்ணன்று. மகாபொல புலமைப்பரிசில் எவ்வாறு வழங்கப்படுகின்றது, விடுதியில் இடம் எத்தனை ஆண்டுக்கு உறுதி என்பனவும் இவ்வினாவோடு சேர்ந்தவை. மலையகத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ தனியே வரும் பெண்பிள்ளைகளுக்கு விடுதியே முதல் வினாவாக இருத்தலுங் கூடும். அதனைத் தாழ்வாகக் கருதவேண்டுவதில்லை. நிம்மதியாக உறங்க இடமில்லாதவர் நன்றாகப் படித்தல் இயலாது.

இவற்றை எல்லாம் யாரிடம் கேட்பது என்ற ஐயம் எழலாம். துறைத்தலைவரிடம் கேட்கலாம், அவர் தம் துறையின் சிறப்பைக் கூறுவார். முதலாண்டு மாணவனைக் கேட்கலாம். அவன் உற்சாகத்தையோ பகிடிவதையின் வருத்தத்தையோ கூறுவான். உண்மை பெரும்பாலும் நான்காம் ஆண்டு மாணவரிடமும், பட்டம் பெற்று ஈராண்டு கழிந்தோரிடமும் கிடைக்கும். ஒருவரைக் கேட்பது போதாது. சிறப்புப்பட்டம் பெற்ற ஒருவரையும், அது கிடையாது பொதுப்பட்டத்தோடு வெளியேறிய ஒருவரையும் கேட்டு, இருவரும் ஒன்றுபட்டுக் கூறுவதை ஏற்றுக்கொள்ளலாம். பட்டம் பெற்றோர் இப்போது என்ன செய்கின்றனர் என்பதும் கேட்கத்தக்கது. ‘எங்கள் மாணவர் ஒருவர் அமெரிக்காவிலே கலாநிதிப் பட்டம் பெற்றார்’ என்பது அவ்வொருவரின் பெருமை. அவரோடு படித்த மற்றை முப்பதுபேரும் எங்கே என்பதே துறையின் அளவுகோல்.

பத்திரச் சான்றும் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தர உறுதிப்பாட்டு மன்றம், வெளிப் பல்கலைக்கழக ஆசிரியர் அடங்கிய குழுக்களை அனுப்பிக் கற்கைநெறிகளை மதிப்பிட்டு, அறிக்கைகளை வெளியிடுகின்றது. அவற்றிலே துறையின் பலமும் குறையும் வெவ்வேறாக எழுதப்பட்டிருக்கும். இறுதியில் இடப்படும் ஏ, பீ என்ற தர எழுத்தை மட்டும் பாராது, குறைகள் கூறப்படும் பகுதியைப் படித்தல் நன்று. அறிக்கையின் ஆண்டையும் கவனிக்கவேண்டும். அன்று சுட்டப்பட்ட குறை இன்று நீக்கப்பட்டும் இருக்கலாம்.

அரச பல்கலைக்கழகத்திலே இடங்கிடையாதோர்க்கும் வழி அடைபட்டுவிடவில்லை. 1980 இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் விஞ்ஞானமாணிப் பட்டத்தை வழங்குகின்றது. தொழில் செய்துகொண்டே பயில்வோர் அங்கு பலர். இரசாயனவியலில் நாட்டமுடையோர்க்கு இலங்கை இரசாயனவியல் நிறுவகம் நடத்தும் கற்கைநெறி உண்டு. தனியார் நிறுவகங்களை நாடுவோர் முதலில் வினாவவேண்டியது ஒன்றே: அந்தப் பட்டம் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் அங்கீகரிக்கப்பட்டதா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டமாயின் அதனை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கின்றதா? இதற்கு விடையை நிறுவகத்தின் விளம்பரத்திலே தேடாமல் ஆணைக்குழுவிடமே கேட்டறிதல் வேண்டும். ஏனைய வினாக்கள் யாவும், குறிப்பாக ஆய்வுகூடம்பற்றியவை, இங்கு இன்னும் கண்டிப்பாகக் கேட்கப்படவேண்டியன. கட்டணம் வாங்குவோர் விடை கூறக் கடமைப்பட்டவர்.

இத்தனை வினாக்களையும் ஒரு மாணவன் தனியே சுமத்தல் கடினம். பாடசாலைகள் இதில் உதவுதல் வேண்டும். பெறுபேறு வெளிவந்த பின்னரே ஓடித்திரிவதைவிட, உயர்தர வகுப்பின் இரண்டாம் ஆண்டிலேயே ஐந்தாறு மாணவரைச் சேர்த்து ஒருநாள் அண்மையிலுள்ள பீடமொன்றுக்கு அழைத்துச் செல்லலாம். பழைய மாணவருள் பட்டம் பெற்றோரை வரவழைத்துப் பேசச் செய்யலாம். ஒருவர் கேட்டறிந்ததை மற்றவர் அறியும்படி குறிப்பேடு ஒன்று எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு மாணவர்க்கு அது வழித்துணையாகும். பட்டினத்துப் பெரிய கல்லூரிகளின் மாணவர்க்கு இச்செய்திகள் அண்ணன்மார், அக்காமார் வாயிலாகத் தாமே வந்து சேர்கின்றன. குடும்பத்திலே முதன்முதல் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைக்கு அவ்வாறு சொல்வார் இல்லை. அப்பிள்ளை பயிலும் சிறிய பாடசாலையே அந்தக் குறையைத் தீர்த்து வைத்தல் வேண்டும்.

எல்லாக் குணமும் நிறைந்த துறை எங்கும் இல்லை. ஓரிடத்தில் ஆசிரியர் சிறந்திருப்பர், கருவி குறைந்திருக்கும். மற்றோரிடத்தில் கருவியிருக்கும், சிறப்புப்பட்டத்துக்கு இடமிராது. எது இருந்தால் தனக்குப் போதும், எது இல்லாவிடில் தன்னால் இயலாது என்பதை மாணவனே தீர்மானித்தல் வேண்டும். ஆராய்ச்சியை நாடுவோன் ஆய்வுகூடத்தையும் சிறப்புப்பட்டத்தையும் முன்வைப்பான். ஆசிரியத் தொழிலை விரும்புவோன் பாடச் சேர்க்கையையும் குறித்த காலத்தில் முடியும் பட்டத்தையும் முன்வைப்பான். இருவரும் வெவ்வேறு வரிசை எழுதுவர்; இருவரது வரிசையும் சரியாகவே இருக்கும். ஊரார் வாயிலிருந்து வந்த வரிசையை எழுதியவனுக்கோ, அது சரியா பிழையா என்பது நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே தெரியவரும்.